இசைக் கல்லூரி சேர்க்கைத் தேர்வுக்கு வாத்தியத்தில் என்ன வாசிப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ முடித்துவிட்டு வீணை, வயலின், புல்லாங்குழல் என்று ஏதாவது ஒரு வாத்தியத்தைப் பட்டப்படிப்பாகவே எடுக்க நினைப்பவர்களும் அவர்களுடைய பெற்றோர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். சென்னை, திருவையாறு, மதுரை, கோவை அரசு இசைக் கல்லூரிகள், அண்ணாமலைப் பல்கலைக்கழகம், கலாக்ஷேத்ரா, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் என்று எங்கே போவதாக இருந்தாலும் கர்நாடக இசை வாத்தியத்துக்கு அடிப்படைத் தயாரிப்பு ஒன்றுதான். தேர்வு முறையும் பாடப்பட்டியலும் இடத்துக்கு இடம் மாறும். அதனால் அந்தந்தக் கல்லூரியின் விண்ணப்பக் கையேட்டை முதலில் ஒரு முறை முழுக்கப் படித்துவிட்டு இதைப் படியுங்கள்.

எத்தனை உருப்படி (இயற்றப்பட்ட இசைப் பாடல்) தயார் செய்ய வேண்டும்?

கையேட்டில் எண்ணிக்கை சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. சொல்லாவிட்டால் என் கணக்கு இது: இரண்டு வர்ணம் (ராகத்தின் போக்கை ஸ்வரங்களில் பழக்கும் உருப்படி), மூன்று கீர்த்தனை, சின்னதாக ஒரு உருப்படி. இவற்றில் ஒரு வர்ணமும் ஒரு கீர்த்தனையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரவேண்டும். மற்றவை "வேற என்ன தெரியும்?" என்று கேட்டால் எடுத்துக்கொடுக்க.

முப்பது கீர்த்தனைப் பட்டியலோடு வருகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பட்டியல் நீளமாக இருந்தால் தேர்வுக் குழுவில் இருப்பவர் அதிலிருந்து எதை வேண்டுமானாலும் கேட்பார். எட்டு மாதமாகத் தொடாத ஒன்றைக் கேட்டால் அந்த இடத்திலேயே கை நடுங்கிவிடும். அந்த நிமிஷம் நன்றாக வாசிக்க முடிந்ததை மட்டும் பட்டியலில் எழுதுங்கள்.

எந்த வர்ணம் எடுக்கலாம்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். ஏனென்றால் பெரும்பாலான மாணவர்கள் கீர்த்தனையில் மாதக்கணக்காக உழைத்துவிட்டு, வர்ணம் பழைய பாடம்தானே என்று விட்டுவிடுகிறார்கள். தேர்வு அறையில் பெரும்பாலும் முதலில் கேட்பது வர்ணம். கேட்பவர்களுக்கு உங்கள் சுருதி, லயம், விரல், வில் நாலும் அதில் தெரிந்துவிடும்.

ஆதி தாள (எட்டு எண்ணிக்கைத் தாளம்) வர்ணங்களில் மோகனம் 'நின்னுகோரி', ஆபோகி 'எவ்வரி போத', கல்யாணி 'வனஜாக்ஷி' மூன்றும் எல்லாரும் வாசிப்பவை. எல்லாரும் வாசிப்பதால் வேறு எதையாவது தேடுவோம் என்று அலைய வேண்டாம். தெரிந்த வர்ணத்தைச் சுத்தமாக வாசித்தால் குழுவுக்கு அது உடனே புலப்படும். நின்னுகோரியின் முதல் பிடியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு காந்தாரம், பிறகு ரிஷபம், அவ்வளவுதான். மோகனத்தின் காந்தாரம் அந்தர காந்தாரம். நன்றாகச் சேர்ந்த தம்பூராவில் அந்தக் காந்தாரம் தானாகவே ஒலிக்கும். வயலினில் உங்கள் விரல் ஒரு நூல் தள்ளி விழுந்தால் தம்பூராவின் காந்தாரமும் உங்களுடையதும் உரசுவது அறையில் இருக்கும் எல்லார் காதிலும் விழும். முதல் காந்தாரம் சரியாக விழுந்து, இரண்டாவது வில்லைத் திருப்பும்போது கொஞ்சம் இறங்குவது வயலின் பிள்ளைகளிடம் மிகச் சாதாரணம். ஒரு வாரம் அந்த மூன்று ஸ்வரத்தை மட்டும் தம்பூராவோடு வாசித்துப் பாருங்கள். வீணையில் மெட்டு இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். தந்தியை நேராக அழுத்தாமல் பக்கவாட்டில் தள்ளிவிட்டால் ஸ்வரம் ஏறிவிடும்.

ஆபோகியில் காந்தாரத்தை அப்படி நேராக நிறுத்த முடியாது. அங்கே அந்தரத்தைவிடத் தாழ்ந்த சாதாரண காந்தாரம், அசைவோடு வரவேண்டும். தோடியில் அசைவில்லாமல் காந்தாரத்தை நிறுத்தினால் தோடியே கிடைக்காது. ஆகவே ஒரு வர்ணம் மோகனம் மாதிரி நேரான ஸ்வரங்கள் நிற்கிற ராகத்திலும், இன்னொன்று ஆபோகி, கல்யாணி மாதிரி கமகம் (ஸ்வரத்தின் அசைவு) கேட்கிற ராகத்திலும் இருந்தால் நல்லது.

அட தாள வர்ணம் வாசித்தால் கூடுதல் மதிப்பு கிடைக்குமா?

பைரவி 'விரிபோணி' நன்றாக வந்தால் தாராளமாக வாசியுங்கள். பச்சிமிரியம் ஆதியப்பையா செய்தது. அட தாளம் ஓர் ஆவர்த்தனத்துக்கு (தாளத்தின் ஒரு சுற்றுக்கு) 14 அட்சரம் (எண்ணிக்கை), ஐந்து, ஐந்து, இரண்டு, இரண்டு என்று போகும். தாளம் கையில் நிற்கவில்லை என்றால் தொடவே வேண்டாம். பைரவியில் ஆரோகணத்துக்குச் சதுஸ்ருதி தைவதம், அவரோகணத்துக்குச் சுத்த தைவதம் என்று இரண்டு இருக்கிறது. அது குழம்பினால் வர்ணம் முழுக்கக் குழம்பும். முதுகலைக்குப் போகிறவர்களிடம் இதை எதிர்பார்ப்பார்கள். இளங்கலைக்கு ஆதி தாள வர்ணம் திடமாக இருந்தால் எனக்குத் திருப்தி.

இரண்டு காலமும் வாசிக்க வேண்டுமா?

ஆம். இரண்டாம் காலம், அதாவது இரட்டை வேகம், சேர்த்துத்தான் வர்ணம். முதல் காலத்தில் ஆதி தாள ஆவர்த்தனத்துக்கு 32 ஸ்வர இடம். இரண்டாம் காலத்தில் அதே தாளத்தில் 64 அடங்கும். தாளத்தின் வேகம் மாறவே கூடாது. மாணவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஓர் ஆவர்த்தன நீளமுள்ள வரி இரண்டாம் காலத்தில் அரை ஆவர்த்தனத்திலேயே முடிந்துவிடும். அதனால் சரணத்தை இரண்டு முறை வாசித்தோ, சரணமும் சிட்டைஸ்வரமும் (சரணத்தைத் தொடரும் ஸ்வர வரிகள்) ஜோடி சேர்த்தோ ஆவர்த்தனத்தை நிரப்ப வேண்டும். இதை வாசித்துக்கொண்டே கண்டுபிடிக்க முடியாது. முதலில் வாயால் ஸ்வரம் சொல்லிக் கையால் தாளம் போட்டு, எங்கே சமம் (தாளத்தின் முதல் அடி) விழுகிறது என்று பார்த்துவிட்டு வாத்தியத்தை எடுங்கள்.

மெட்ரோனோம் வைத்துப் பழகுகிறவர்களுக்கு: 60 வைத்து, ஓர் அட்சரத்துக்கு இரண்டு தட்டு, ஒரு தட்டுக்கு முதல் காலத்தில் இரண்டு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் நான்கு. அது இரண்டு வாரம் சுத்தமாக வந்தபிறகு 70 வரை ஏற்றலாம். அதற்கு மேல் வேகம் காட்டி எதையும் சாதிக்கப் போவதில்லை.

திஸ்ரம் (மும்மூன்றாகப் பிரித்து வாசிப்பது) கேட்பார்களா என்றால், சில இடங்களில் கேட்பார்கள். தெரிந்தால் வாசியுங்கள். தெரியாவிட்டால் "இன்னும் பாடம் ஆகவில்லை" என்று சொல்லிவிடலாம்.

கீர்த்தனையை எப்படித் தேர்ந்தெடுப்பது?

மூன்று விஷயம் பார்க்கிறேன். வர்ணம் ஆதி என்றால் ஒரு கீர்த்தனையாவது வேறு தாளத்தில் இருக்கட்டும். வர்ணத்தின் ராகமே கீர்த்தனையில் திரும்ப வரவேண்டாம். மூன்றும் ஒரே வாக்கேயக்காரருடையதாக (சொல்லும் இசையும் இயற்றியவர்) இருக்க வேண்டாம்.

உதாரணமாக ஒரு தொகுப்பு: மோகன வர்ணம். அதன்பின் தீட்சிதரின் 'வாதாபி கணபதிம்', ஹம்சத்வனி, ஆதி. கோபாலகிருஷ்ண பாரதியின் 'சபாபதிக்கு வேறு தெய்வம்', ஆபோகி, ரூபகம். சியாமா சாஸ்திரியின் 'மரிவேரே கதி', ஆனந்தபைரவி, மிஸ்ர சாபு. தாளம் மூன்று, வாக்கேயக்காரர் மூவர், ஒன்று தமிழ். தியாகராஜர் இல்லாமல் எப்படி என்று பாட்டி கேட்டால் 'ப்ரோவ பாரமா'வைச் சேர்த்துக்கொள்ளுங்கள், பகுதாரி, ஆதி.

வாதாபியில் சங்கதிகள் (ஒரே வரியின் வெவ்வேறு மெருகேறிய வடிவங்கள்) அடுக்கடுக்காக வரும். வாய்ப்பாட்டில் சாகித்யம் (பாட்டின் சொற்கள்) அதைத் தாங்கிவிடும். வாத்தியத்தில் சாகித்யம் கேட்காது, ஆகவே ஒவ்வொரு சங்கதியும் முந்தையதிலிருந்து எங்கே மாறுகிறது என்பது வில்லிலோ மீட்டிலோ தெரிய வேண்டும். சாகித்யத்தை மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருக்கும் வயலின்காரருக்கும், ஸ்வரத்தை மட்டும் தெரிந்தவருக்கும் வித்தியாசம் ஒரே வரியில் தெரியும். சொல் எங்கே பிரிகிறதோ அங்கேதான் வில் பிரிய வேண்டும், வீணையில் மீட்டும் அங்கேதான் விழ வேண்டும். 'வாதா' என்று ஒரு வில், 'பிகண' என்று ஒரு வில் வந்தால் சொல் உடைந்துவிடும். அதனால் வாத்திய மாணவர்கள் எல்லாரும் உருப்படியைப் பாடத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். குரல் நன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. "இந்த வரியைப் பாடுங்க" என்று குழுவில் கேட்பதும் உண்டு.

பெரிய கீர்த்தனை ஒன்று வாசித்தால் குழு அசந்துபோகாதா?

காம்போதியில் 'ஓ ரங்கசாயி' வாசிக்கிறேன் என்று பதினேழு வயதுப் பிள்ளை சொன்னால் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்தக் காலப்பிரமாணத்தில் (மாறாத வேகத்தில்) நின்று வாசிக்க வருடங்கள் வேண்டும். விளம்ப (மெதுவான) காலத்தில் இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே இருக்கும் இடத்தை நிரப்பத் தெரியாதவர்கள் அவசரப்பட்டு ஓடிவிடுவார்கள். மத்யம கால (நடுத்தர வேக) கீர்த்தனையை நிதானம் தவறாமல் முடிப்பதையே நான் சிபாரிசு செய்வேன்.

ராக ஆலாபனை, கல்பனாஸ்வரம் வேண்டுமா?

இளங்கலையில் இது கட்டாயம் என்று எல்லா இடத்திலும் இருக்காது. இருந்தாலும் ஒரு ராகத்தை மூன்று நிமிடம் வாசிக்கத் தயாராகப் போங்கள். நீங்கள் வாசிக்கிற கீர்த்தனையின் ராகமாகவே இருக்கட்டும். கல்யாணி, மோகனம், சங்கராபரணம் எல்லாம் வழி தெரிந்த ராகங்கள். குருவின் ஆலாபனையை (தாளமில்லாமல் ராகத்தை விரிப்பது) அப்படியே ஒப்பிக்காதீர்கள். கேட்பவர்கள் "இப்போ மேல் ஸ்தாயியிலிருந்து ஆரம்பிங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் மனப்பாடம் கலைந்துவிடும். மூன்று நிமிடத்தில் முதல் பிடியிலேயே ராகம் எதுவென்று தெரிய வேண்டும். ஒரு நிமிடம் சட்ஜத்தைச் சுற்றியே இருந்துவிட்டுப் பிறகு ராகத்துக்கு வருகிறவர்கள் நேரத்தை வீணாக்குகிறார்கள்.

கல்பனாஸ்வரம் (அந்த இடத்திலேயே கற்பனையாகக் கோக்கும் ஸ்வரங்கள்) என்றால் ஓர் ஆவர்த்தனம், இரண்டு ஆவர்த்தனம் முதல் காலத்தில் வாசித்து எடுப்பில் (வரி தொடங்கும் இடத்தில்) சரியாகச் சேருங்கள். குறைப்பு, கோர்வை எல்லாம் யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். பல்லவி சமத்தில் எடுக்காமல் அரை இடத்திலோ முக்கால் இடத்திலோ எடுக்கிற கீர்த்தனையாக இருந்தால் அந்த எடுப்புக்குத் திரும்பி வருவதை மட்டும் தனியாக ஒரு வாரம் பழகுங்கள்.

சுருதி எத்தனை கட்டையில் வைத்துக்கொள்வது?

தினமும் பழகுகிற அதே கட்டையில். தேர்வுக்காக மாற்ற வேண்டாம். வயலினில் சுருதியை அரைக் கட்டை ஏற்றினால்கூடத் தந்தியின் இழுவை மாறி விரலுக்கு வேறு வாத்தியம் மாதிரி தெரியும். சுருதிப் பெட்டியோ கைபேசிச் செயலியோ சொந்தமாகக் கொண்டுபோங்கள், சார்ஜ் முழுதாக இருக்கட்டும், கைபேசி ஏரோப்ளேன் மோடில் இருக்கட்டும். ஆலாபனை நடுவே அழைப்பு வந்தால் கவனம் போய்விடும்.

வாத்தியத்தை எப்படித் தயார் செய்வது?

வயலின் தந்தியைத் தேர்வுக்கு முதல் நாள் மாற்றாதீர்கள். புதுத் தந்தி இழுபட்டுக்கொண்டே இருக்கும், நாலு வரிக்கு ஒரு தரம் சுருதி இறங்கும். இரண்டு வாரம் முன்பே மாற்றி, ஒரு செட் கூடுதலாகப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். ராசின் (வில்லில் தடவும் பிசின்) அன்று காலை அளவாகத் தடவுங்கள்.

வீணைக்காரர்களுக்குச் சுமை அதிகம். 24 மெட்டுகளும் மெழுகில் நிற்கின்றன. சேர்க்கைக் காலம் வெயில் காலம். பேருந்தின் மேலோ காரின் பின்னாலோ வெயிலில் இருந்தால் மெழுகு இளகி மெட்டு நகர்ந்துவிடும், பிறகு எவ்வளவு நன்றாக வாசித்தாலும் சேராது. மேளம் கட்டி, அதாவது மெட்டு வைத்து, சில வருடம் ஆகியிருந்தால் ஒரு மாதம் முன்பே வீணை ஆசாரியிடம் காட்டிவிடுங்கள். அன்று அரை மணி நேரம் முன்னதாகப் போய் உறையைத் திறந்து நிழலில் வைத்து, அந்த இடத்துச் சூட்டுக்கு வாத்தியம் பழகியபின் தந்தி சேருங்கள். மூன்று தாளத் தந்திகளையும் மறக்காமல் சேருங்கள். வாசிப்புத் தந்தி நான்கும் அழகாகச் சேர்ந்து தாளத் தந்தி கெட்டிருப்பதை அடிக்கடி கேட்கிறேன்.

புல்லாங்குழல் ஊதாமல் வைத்திருந்தால் சுருதி இறங்கி இருக்கும். வெளியே காத்திருக்கும்போது மெதுவாக ஊதிச் சூடாக்கிவையுங்கள்.

பக்கவாத்தியம் இல்லாமல் எப்படி வாசிப்பது? தாளம் யார் போடுவார்கள்?

சில இடங்களில் குழுவில் ஒருவர் தாளம் போடுவார். சில இடங்களில் யாரும் போட மாட்டார்கள், உங்களுக்குள்தான் ஓட வேண்டும். வயலின், வீணை இரண்டிலும் கை தாளத்துக்குக் கிடைக்காது. மிருதங்கச் செயலியோடு மட்டுமே பழகியவர்கள் அது நின்றதும் தடுமாறுவார்கள். வாரத்தில் பாதி நாள் எதுவும் இல்லாமல், தம்பூராவோடு மட்டும் வாசியுங்கள். வாசிப்பைக் கைபேசியில் பதிவு செய்து, பிறகு கேட்டுக்கொண்டே தாளம் போடுங்கள். எந்த வரியில் ஓடுகிறீர்கள் என்று அது சொல்லிவிடும். பெரும்பாலும் சிட்டைஸ்வரத்தின் கடைசி வரியில் ஓட்டம் பிடிப்பார்கள்.

யூடியூபில் கேட்டுக் கற்றுக்கொண்ட கீர்த்தனையை வாசிக்கலாமா?

குரு கேட்டுத் திருத்தியிருந்தால் வாசிக்கலாம். "இது யாரிடம் பாடம்?" என்று கேட்பது வழக்கம். ஒரே கீர்த்தனையின் இரண்டு பாடாந்தரத்தை (குரு வழிப் பாட முறை) கலந்து, பல்லவி ஒருவர் மாதிரி, அனுபல்லவி இன்னொருவர் மாதிரி வாசித்தால் அனுபவமுள்ளவர் காதுக்கு ஒட்டுப் போட்டது தெரியும்.

கீபோர்டில் பாட்டு வாசிப்பேன். அது போதுமா?

கர்நாடக இசைப் பட்டப்படிப்பின் சேர்க்கைக்குச் சாதாரணக் கீபோர்டு பொருந்தாது, கமகம் அதில் வராது. உங்களுக்கு ஸ்வர ஞானம் ஏற்கெனவே இருப்பதால் வீணையோ வயலினோ விரைவாக வரும். ஓர் ஆண்டு தள்ளிப்போட்டுக் கற்றுக்கொண்டு வந்தவர்கள் நன்றாகப் படித்திருக்கிறார்கள். அடிப்படையிலிருந்து தொடங்க மாவட்ட அரசு இசைப் பள்ளிகளும் இருக்கின்றன. அங்கே வயலின், மிருதங்கம், நாதஸ்வரம், தவில் எல்லாம் கற்றுத்தருகிறார்கள்.

மிருதங்கம் வாசிப்பவர் என்ன தயார் செய்வது?

ஆதி, ரூபகம், மிஸ்ர சாபு, கண்ட சாபு நான்கிலும் பாடச் சொல்கள், ஆதியில் ஐந்து நிமிடத் தனி ஆவர்த்தனம், முடிவில் ஒரு மோகரா, கோர்வை. எல்லாவற்றையும் வாயால் சொல்லத் தெரிய வேண்டும், கை தாளம் போட்டுக்கொண்டு. சொல்லிக் காட்டத் தெரியாமல் வாசிக்க மட்டும் தெரிந்தவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். வலந்தலையின் நடுவில் இருக்கும் கருப்புச் சோறு சரியாக இருக்கிறதா என்று ஒரு வாரம் முன்பே பாருங்கள்.

இலட்சணக் கேள்விகள் கேட்பார்களா?

கேட்பார்கள், பெரும்பாலும் நீங்கள் வாசித்ததிலிருந்தே. ராகத்தின் ஆரோகண அவரோகணம், எந்த மேளத்தின் ஜன்யம் (எந்தத் தாய் ராகத்தில் பிறந்தது), தாளத்தின் அங்கம், வாக்கேயக்காரர், அவருடைய முத்திரை (பாட்டில் வைக்கும் அடையாளச் சொல்). மோகனம் 28-வது மேளம் ஹரிகாம்போதியின் ஜன்யம், ஆபோகி 22-வது மேளம் கரகரப்பிரியாவின் ஜன்யம், ஹம்சத்வனி 29-வது மேளம் சங்கராபரணத்தின் ஜன்யம் என்று வாசிக்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வயலின் மாணவர் என்றால் அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர்களில் முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதரும் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் முக்கியமானவர்கள் என்பதாவது தெரிந்திருக்கட்டும்.

கடைசி மூன்று மாதத்தை எப்படிப் பிரிப்பது?

முதல் மாதம் உருப்படிகளை முடிவு செய்து, சாகித்யமும் தாளமும் சந்தேகமில்லாமல் ஆக்குவதற்கு. புதுப் பாடம் இதற்குப் பிறகு வேண்டாம். இரண்டாம் மாதம் துண்டு துண்டாக உழைக்க: இன்று முக்தாயி ஸ்வரம் (வர்ணத்தின் முதல் பாதியை முடிக்கும் ஸ்வரப் பகுதி) மட்டும், நாளை அனுபல்லவியின் மேல் ஸ்தாயி வரி மட்டும். மூன்றாம் மாதம் முழுதாக, நிறுத்தாமல், யாராவது உட்கார்ந்து கேட்க. பக்கத்து வீட்டு மாமியைக் கூப்பிடுங்கள், கோவிலில் ஒரு வெள்ளிக்கிழமை வாசியுங்கள். ஆரம்பப் பயிற்சிகளான சரளி, ஜண்டை, அலங்காரம் மூன்று காலத்திலும் தினமும் இருபது நிமிடம், மூன்று மாதமும். சில இடங்களில் ஜண்டை வரிசையைக் கேட்டுவிடுகிறார்கள், அப்போது தர்மசங்கடம் வேண்டாமே.

பொதுத் தேர்வும் இதே மாதங்களில்தான். அந்த வாரங்களில் ஒரு மணி நேரம் கிடைத்தாலும் வர்ணத்துக்கே கொடுங்கள்.

வாசிக்கும்போது தப்பு வந்தால்?

நிறுத்தாதீர்கள், திரும்ப ஆரம்பிக்காதீர்கள், முகத்தைச் சுளிக்காதீர்கள். அடுத்த சமத்தில் சேர்ந்துகொள்ளுங்கள். தந்தி அறுந்தாலோ சுருதி கலைந்தாலோ விஷயம் வேறு. "சார், சுருதி சேர்த்துக்கிறேன்" என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். கலைந்த சுருதியில் பயந்துபோய் வாசித்துக்கொண்டே இருப்பதைவிட இதை அவர்கள் மதிப்பார்கள், காது இருக்கிறது என்று அர்த்தம்.

பாதியிலேயே "போதும்" என்று சொல்லிவிட்டார்கள். பிடிக்கவில்லையா?

வெளியே இன்னும் பலர் காத்திருக்கிறார்கள், ஒருவருக்குப் பத்து நிமிடம் கிடைத்தாலே அதிகம். வர்ணத்தின் முக்தாயி ஸ்வரம் வரை கேட்டுவிட்டு நிறுத்தி, கீர்த்தனைக்குப் போகச் சொல்வது வழக்கமான நடைமுறை. அதை வைத்து எதையும் ஊகிக்க வேண்டாம். சொன்னதும் உடனே நிறுத்தி, தந்தி ஒரு முறை சரிபார்த்து, அடுத்ததற்கு ராகமும் தாளமும் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.